நூலகத்துக்குள் வெள்ளம் புகுந்தால் முதலில் எதை எடுப்பது?

நீங்கள் கேட்டது இதுதான். மேற்கு மாம்பலத்தில் ஒரு சங்கத்தின் நூலகத்தைக் கவனித்துக்கொள்கிறீர்கள். தரைத்தளம். சுமார் 6,000 புத்தகங்கள், பைண்டு செய்த பழைய வார இதழ்கள், ஒரு குடும்பத்தார் கொடுத்துவிட்டுப் போன ஓலைச்சுவடிப் பெட்டி, ஒரு கணினி. போன மழையில் தண்ணீர் வாசற்படி வரை வந்து திரும்பிவிட்டது. அடுத்த முறை உள்ளேயே வந்துவிட்டால் முதலில் எதை எடுப்பது, எப்படிக் காயவைப்பது? பார்த்துக்கொள்ள இருப்பதோ இரண்டே பேர்.

முதலில் எதையும் எடுக்காதீர்கள். வெளியிலேயே நில்லுங்கள்.

முப்பது வருடமாகப் பழைய காகிதத்தோடு பழகியவன் சொல்கிறேன், கேளுங்கள். நனைந்த புத்தகம் உங்களுக்கு ஏறத்தாழ இரண்டு நாள் அவகாசம் தரும். மின்சாரம் ஒரு நொடிகூடத் தராது. இனி நான் சொல்லப்போவது எல்லாமே இந்த இரண்டையும் வைத்துத்தான்.

2015 டிசம்பரில் அடையாறு கரை மீறிய அந்த வாரம், தென்சென்னையில் ஓர் அறக்கட்டளையின் நூலகத்துக்கு உதவப் போயிருந்தேன். ரோடு போடப் போட வீடுகளெல்லாம் பள்ளமாகிப்போன தெரு அது. தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டது, நூலகத்துக்குள் மட்டும் முழங்கால் அளவு நின்றது. கரண்ட் போய் ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. அங்கே இருபது வருடத்துக்கும் மேலாக நூலகராக இருந்த பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கதவைத் தள்ளினார். ஒரு காலை உள்ளே வைக்கப்போகும் நேரத்தில் பின்னாலிருந்து வாட்ச்மேன் கத்தினார்: “ஐயா, கால வெக்காதீங்க! உள்ள பச்சை லைட்டு எரியுது, இன்வெர்ட்டர் ஓடுதுய்யா!”

எட்டிப் பார்த்தால், மூலையில் ஸ்டாண்டு மேல் இன்வெர்ட்டர். பேட்டரியில் இன்னும் சார்ஜ் இருந்தது. தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருந்த பிளக் பாயின்ட்டுகள் எல்லாம் தண்ணீருக்குள். தெருவில் கரண்ட் இல்லையென்றால் உள்ளேயும் இருக்காது என்று நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம். டீசல் பம்ப் பிடித்துத் தண்ணீரை இறைத்து, எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து பேட்டரி ஒயரைக் கழற்றும்வரை நான்கு மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் பெரியவர் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நான்கு மணி நேரத்தால் ஒரு புத்தகமும் போகவில்லை. அங்கே போனவை வேறு காரணத்தால் போயின, அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆகவே முதல் வேலை மின்சாரத்தை நிறுத்துவது. அதையும் உலர்ந்த இடத்தில் நின்று நிறுத்த முடிந்தால் மட்டும் செய்யுங்கள். மெயின் போர்டுக்குத் தண்ணீரில் நடந்துதான் போக வேண்டுமென்றால் போகாதீர்கள். மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண் 94987 94987. அதில் பேசி, வெளியிலிருந்தே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். தெரு ஓரத்து பில்லர் பாக்ஸை, அதாவது மின்வாரியத்தின் மின்பகிர்வுப் பெட்டியைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். மெயினை நிறுத்திய பிறகும் இன்வெர்ட்டர், கணினியின் யூபிஎஸ் இரண்டும் உயிரோடு இருக்கும் என்பதை மறக்காதீர்கள். தண்ணீரை இறைக்கவோ விளக்குக்கோ ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தால் அது கட்டடத்துக்கு வெளியே, ஜன்னல்களைவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். மூடிய இடத்தில் ஓடும் ஜெனரேட்டரின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது, ஆளைச் சாய்த்துவிடும்.

அப்புறம் மேலே பாருங்கள். ஊறிய பூச்சும் ஃபால்ஸ் சீலிங்கும் எப்போது வேண்டுமானாலும் விழும். ரேக்குகளைப் பாருங்கள். நனைந்த புத்தகம் உப்பும், நெருக்கி அடுக்கிய தட்டில் எல்லாம் சேர்ந்து உப்பினால் ரேக்கின் பக்கத் தகடையே வெளியே தள்ளிவிடும். சாய்ந்து நிற்கிற ரேக்கின் கீழே யாரும் நிற்கக் கூடாது. வெள்ளத்தோடு பாம்பு வந்து அடித்தட்டில் சுருண்டு கிடப்பது சென்னையில் அதிசயமில்லை. கையை விடுவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள், இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், நீங்களாக அடிக்கப் போகாதீர்கள்.

தண்ணீர் என்று சொல்கிறோமே தவிர, நம் ஊரில் உள்ளே வருவது பாதாளச் சாக்கடையும் கலந்த தண்ணீர். எலிக்காய்ச்சல் இப்படிப்பட்ட தண்ணீரில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு, காலில் சின்னக் கீறல் இருந்தாலும் போதும், வந்துவிடும். முழங்கால்வரை வரும் கம்பூட்ஸ், ரப்பர் கையுறை, என்95 மாஸ்க். இவை இல்லாமல் யாரையும் உள்ளே விடாதீர்கள், தன்னார்வலர் எவ்வளவு ஆர்வமாக வந்திருந்தாலும் சரி. வேலைக்குப் போவதற்கு முன்பே மருத்துவரிடம் டெட்டனஸ் ஊசி பற்றியும் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் இருந்து காலில் புண் உள்ளவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு வெளியே மேசையில் எழுதும் வேலையைக் கொடுங்கள். அதற்கும் ஆள் வேண்டும். தனியாக ஒருவர் உள்ளே போகவே கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லோரும் வெளியே வந்து, சோப்புப் போட்டுக் கைகழுவி, எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். களைத்துப்போன ஆள்தான் வழுக்கி விழுவார், புத்தகத்தையும் கிழிப்பார்.

இப்போது அந்த இரண்டு நாள் கணக்குக்கு வருகிறேன். காகிதம் நனைந்து அப்படியே கிடந்தால் 48 மணியிலிருந்து 72 மணி நேரத்துக்குள் பூஞ்சை தலைகாட்டும் என்பதுதான் பொதுவாகச் சொல்லும் கணக்கு. சென்னைக்கு நீங்கள் 72-ஐ மறந்துவிடலாம். நம் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வருகிறது, அப்போது காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கிறது, குளிரும் கிடையாது. நான் பார்த்தவரை இரண்டாம் நாள் இரவே அட்டையின் உள்பக்கம் சாம்பல் பூத்த மாதிரி ஆரம்பித்துவிடும்.

ஆனால் எல்லாக் காகிதத்துக்கும் இரண்டு நாள் கிடையாது. பளபளப்பான ஆர்ட் பேப்பர் சில மணி நேரத்தில் போய்விடும். அதன் மேல் பூசியிருக்கும் களிமண் பூச்சு நனைந்து இளகி, காயும்போது பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும். நான் சொன்ன அந்த நூலகத்தில் ஒரு கோயில் சிற்பப் புகைப்படத் தொகுப்பு இருந்தது. மூன்றாம் நாள் அதைக் கையில் எடுத்தபோது செங்கல் மாதிரி இருந்தது. ஓரத்தில் நகத்தை விட்டுப் பார்த்தேன், நெகிழவில்லை. கொஞ்சம் அழுத்தினால் படத்தோடு சேர்ந்து பொருக்காக உரிந்து வந்தது. முதல் நாளே எடுத்திருந்தோம், தவறு அதில் இல்லை. எடுத்து, “அப்புறம் பார்க்கலாம்” என்று காற்றாட வைத்துவிட்டோம். காற்றாட வைத்ததுதான் அதைக் கொன்றது. ஆர்ட் பேப்பர் புத்தகம் நனைந்தால், பக்கத்துக்குப் பக்கம் பிரித்துத் தாள் வைக்க ஆள் கிடைக்கும்வரை அதை ஈரமாகவே வைத்திருங்கள், இல்லையென்றால் உறையவையுங்கள். பாதி காய விடுவதுதான் கூடாது.

சரி, எதை முதலில் எடுப்பது என்ற உங்கள் கேள்வி. இதற்கான பதிலை வெள்ளத்தன்று யோசிக்க முடியாது. இப்போதே, ஐப்பசிக்கு முன்னால், நிதானமாக உட்கார்ந்து எழுத வேண்டும். விலையை வைத்து யோசிக்காதீர்கள், பழமையை மட்டும் வைத்தும் யோசிக்காதீர்கள். இது போனால் வேறு எங்காவது கிடைக்குமா என்று மட்டும் ஒவ்வொன்றையும் கேளுங்கள். உங்கள் வார இதழ் தொகுப்புகளைப் பார்த்துப் பெருமைப்படுகிறீர்கள், நியாயம்தான். ஆனால் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் படி போய்ச்சேர வேண்டிய இடங்களில் எழும்பூர் கன்னிமாரா நூலகமும் ஒன்று. தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் அச்சு நூல்களையும் இதழ்களையும் தேடித்தேடிச் சேர்த்து, மைக்ரோஃபிலிம் எடுத்துவைத்த இடம். உங்களிடம் இருக்கும் பெரிய இதழ்கள் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். ஒருமுறை நேரில் போய்ச் சரிபாருங்கள், அங்கே இல்லாத ஆண்டுகளை மட்டும் உங்கள் பட்டியலில் மேலே ஏற்றுங்கள்.

உங்கள் சங்கத்தின் கூட்டக் குறிப்பேடு? உறுப்பினர் ஒருவர் கையால் எழுதிவைத்த நாடகப் பிரதி? ஆண்டுவிழா மலரின் ஒரே படி? நூல் சேர்க்கைப் பதிவேடு? இவை உலகத்தில் வேறெங்கும் இல்லை. சேர்க்கைப் பதிவேட்டைக் குறிப்பாகச் சொல்கிறேன், அது போய்விட்டால் உங்களிடம் என்ன இருந்தது என்பதற்கே சாட்சி இருக்காது, இன்ஷூரன்ஸ் கேட்கவும் வழியில்லை. என் கணக்கில் உங்கள் வரிசை இப்படி இருக்கும்: பதிவேடு, கையெழுத்துப் பிரதிகளும் குறிப்பேடுகளும், ஓலைச்சுவடி, வேறெங்கும் கிடைக்காத மலர்களும் துண்டுவெளியீடுகளும், அப்புறம் இதழ்கள். இன்றைக்கும் கடையில் விற்கும் நாவல்களும் போட்டித்தேர்வுப் புத்தகங்களும் கடைசி. எண்ணிக்கை அதிகம் என்பதால் அவற்றைத்தான் எல்லோரும் முதலில் தூக்குவார்கள். வாசகர்கள் ஆசையோடு படிப்பதும் அவைதான், புரிகிறது. ஆனாலும் திரும்ப வாங்கிவிடலாம்.

பட்டியலில் முதல் இருபது முப்பது பொருள்கள் எந்த ரேக்கில் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று ஒரு வரைபடம் போடுங்கள். அவற்றின் முதுகில், அதாவது பைண்டு செய்த விளிம்பில், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். வரைபடத்தின் ஒரு படி நுழைவாயில் கதவின் உள்பக்கம், ஒரு படி செயலாளர் வீட்டில், ஒரு படி உங்கள் போனில். தீயணைப்புத் துறையினர் வந்தால் அவர்களிடம் நீட்ட வேண்டிய தாளும் அதுதான். நூலகத்தையே அறியாத ஒருவர் அதைப் பார்த்து இரண்டு நிமிடத்தில் அந்தத் தட்டுக்குப் போக முடிய வேண்டும். பக்கத்துத் தெருப் பையன் ஒருவனிடம் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள்.

உள்ளே போகலாம் என்றான பிறகு, எதையும் நகர்த்துவதற்கு முன் போனில் படம் எடுங்கள். தண்ணீர்க் கோடு சுவரில் எங்கே நிற்கிறது என்பதும் படத்தில் தெரிய வேண்டும். பிறகு தரையில் விழுந்து கிடப்பவற்றை எடுத்து வழி செய்யுங்கள். அடுத்தது பட்டியல். நெருக்கமாக உப்பியிருக்கும் தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை முதுகின் மேல்நுனியைப் பிடித்து இழுத்தால் முதுகு மட்டும் கையோடு வரும். முடிந்தால் தட்டின் பக்கத் தகடைக் கழற்றி இடம் கொடுங்கள், இரண்டு கையாலும் கீழே தாங்கி எடுங்கள். இத்தாலியின் பிளாரன்ஸ் நகர வெள்ளத்தில் (அதைப் பின்னால் சொல்கிறேன்) நூல்களை மீட்கும் வேலை செய்து, பிறகு அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத்துக்குப் போன பீட்டர் வாட்டர்ஸ் தந்த கணக்குப்படி, இக்காலக் காகிதம் தன் எடையில் 60 சதவீதம்வரை தண்ணீர் குடிக்கும். உலர்ந்தபோது 10 கிலோ இருந்த கட்டு 16 கிலோ ஆகிவிடும். அட்டைப்பெட்டியில் போட்டால் அடி பிய்ந்துவிடும். காய்கறிக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கிரேட்தான் இதற்குச் சரி. தண்ணீரும் வடியும், காற்றும் போகும். முதுகு கீழே இருக்கும்படி ஒரே அடுக்காக, நெருக்காமல் வையுங்கள். கிரேட்டில் ஒரு சீட்டு, அதில் ரேக் எண், பென்சிலால். பேனா மை கலைந்துவிடும்.

சேறு படிந்த புத்தகத்தைத் துணியால் துடைக்கக் கூடாது. துடைத்தால் சேறு நாருக்குள் போய்விடும். மூடிய நிலையில் இறுக்கிப் பிடித்து நல்ல தண்ணீரில் மெதுவாக அலசலாம். இது அச்சுப் புத்தகத்துக்கு மட்டும். கையால் எழுதியதையோ வண்ணச்சித்திரம் உள்ளதையோ அலசாதீர்கள். நனைந்து கூழான புத்தகத்தைத் திறந்து பார்க்காதீர்கள், துணி பிழிவது போல அழுத்தித் தண்ணீரை வெளியேற்றாதீர்கள். ஆசைதான், கை தானாகப் போகும். கட்டுங்கள்.

வெளியே கொண்டுவந்த பிறகு ஒரு உண்மையான கணக்குப் போட வேண்டும். ஒருவர் ஒரு நாளில் ஒழுங்காகக் காயவைக்கக்கூடிய நனைந்த புத்தகங்கள் சில டஜன்தான். உங்களிடம் ஆயிரம் நனைந்திருந்தால், பத்துப் பேர் இருந்தாலும் இரண்டு நாளில் முடியாது. அங்கேதான் உறையவைத்தல் கைகொடுக்கிறது. மைனஸ் 18 டிகிரியில் பூஞ்சை வளராது, மை பரவாது, பக்கம் ஒட்டாது. காலம் அப்படியே நின்றுவிடும். மாதக்கணக்கில் வைத்திருந்து, பத்துப் பத்தாக வெளியே எடுத்துக் காயவைக்கலாம்.

இந்த அறிவு கஷ்டப்பட்டு வந்தது. 1966 நவம்பர் 4 அன்று இத்தாலியின் பிளாரன்ஸில் ஆர்னோ ஆறு பெருகி, தேசிய மத்திய நூலகத்தின் லட்சக்கணக்கான நூல்கள் சேற்றில் மூழ்கின. மாணவர்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி எடுத்தார்கள். காயவைக்க இடமில்லாமல் புகையிலை உலர்த்தும் சூளைகளுக்குக்கூட அனுப்பினார்கள். இருபது வருடம் கழித்து, 1986-இல் லாஸ் ஏஞ்சலிஸ் மத்திய நூலகம் எரிந்தது. சுமார் 4 லட்சம் புத்தகங்கள் அழிந்தன, புகையும் தண்ணீரும் பட்டவை இன்னும் ஏழு லட்சம். நனைந்தவற்றை உணவுப்பொருள் குளிர்கிடங்குகளில் கொண்டுபோய் உறையவைத்து, பிறகு நிதானமாக உலர்த்திப் பெரும்பகுதியை மீட்டார்கள்.

அதே குளிர்கிடங்கு சென்னையிலும் உண்டு. மீன் ஏற்றுமதியாகும் ஊர் இது. ஆனால் சாக்கடைத் தண்ணீரில் நனைந்த புத்தகத்தை மீனுக்குப் பக்கத்தில் வைக்க யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஒப்புக்கொள்ளவும் கூடாது. காலியாக ஒரு தனி அறை கிடைக்குமா என்று மழைக்கு முன்பே போய்ப் பேசி வைக்க வேண்டும். உங்கள் அளவு நூலகத்துக்கு இன்னும் எளிய வழி, கடைகளில் ஐஸ்கிரீம் வைத்திருக்கும் படுக்கைவாட்டு ஃப்ரீஸர். வாடகைக்குக் கிடைக்கும். பட்டியலில் முதலில் இருக்கும் முப்பது நாற்பது புத்தகங்கள் அதில் அடங்கிவிடும். ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு, முதுகு கீழாக வையுங்கள்.

காயவைப்பதற்கு வருவோம். வெயிலில் வேண்டாம். நம் வீடுகளில் எதையும் மொட்டை மாடியில் போட்டுக் காயவைத்தே பழகிவிட்டோம், எனவே இதை அழுத்திச் சொல்கிறேன். நேர் வெயிலில் போட்ட புத்தகம் பொரித்த அப்பளம் போல நெளிந்துவிடும். அட்டை ஒரு பக்கம் வளையும், பக்கங்கள் பழுப்பேறும், பிசின் விட்டுப்போகும். நிழல், காற்று, உறிஞ்சும் தாள் ஆகிய மூன்றும் போதும்.

ஓரம் மட்டும் நனைந்த புத்தகத்தை விசிறி மாதிரி விரித்து நிற்கவையுங்கள். நன்றாக நனைந்ததைப் படுக்கவையுங்கள், நிற்கவைத்தால் தன் பாரத்தாலேயே முதுகு உடையும். இருபது முப்பது பக்கத்துக்கு ஒரு தாளாக, மை ஒற்றும் பிளாட்டிங் பேப்பரோ அச்சடிக்காத நியூஸ்பிரின்ட்டோ செருகுங்கள். அச்சடித்த செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். எப்படிச் செருகுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஈரப் பக்கத்தை விரல்நுனியால் தூக்கினால் கிழியும். உள்ளங்கையைப் பக்கத்தின் மேல் படியவிட்டு, முதுகுப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் மெதுவாக வழித்தால் கீழ்ப்பக்கத்திலிருந்து தானாகப் பிரிந்து வரும். பிரியவில்லையா, விட்டுவிடுங்கள். அடுத்த முறை தாள் மாற்றும்போது பிரியும். செருகிய தாள்கள் மொத்தத்தில் புத்தகத்தின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, தாண்டினால் தையல் அறுந்துவிடும். முதல் நாள் மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை தாள் மாற்றுங்கள், அடுத்த நாள்களில் காலையும் மாலையும். ஃபேன் ஓடட்டும், ஆனால் புத்தகத்தின் முகத்தில் அடிக்காமல் சுவரைப் பார்த்து. வெளியே அடைமழை என்றால் ஜன்னலைத் திறந்துவைப்பதில் பயனில்லை, ஈரம்தான் உள்ளே வரும். அடைத்துவிட்டு ஏசியை ‘டிரை’ முறையில் வையுங்கள். தொடுவதற்குக் காய்ந்த மாதிரி இருக்கும்போது முதுகுப் பக்கம் உள்ளே இன்னும் ஈரம் இருக்கும். பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் காயவில்லை. ஒரு புத்தகத்துக்கு ஒரு வாரம், கனமானதற்கு அதற்கு மேலும் ஆகும்.

ஓலைச்சுவடியைப் பற்றி நீங்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது, ஆனால் காகிதத்தைவிட அது உறுதியானது. எழுத்து, எழுத்தாணியால் கீறியது. அதில் தேய்த்திருக்கும் கரி தண்ணீரில் போகலாம், கீறல் எங்கும் போகாது. தேர்ந்தவர்கள் மறுபடி மை தடவிக்கொடுப்பார்கள். எனவே நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: துடைக்காதீர்கள், ஒட்டியிருக்கும் ஏடுகளைக் கத்தி விட்டுப் பிரிக்காதீர்கள். கயிறு ஈரத்தில் இறுகி ஏட்டின் துளையைக் கிழிக்கும், அதை மட்டும் பொறுமையாகத் தளர்த்துங்கள். ஏடுகளின் வரிசை கலையக் கூடாது. பெரும்பாலும் இடது ஓரத்தில் தமிழ் எண் இருக்கும், எடுக்க எடுக்கப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். நிழலில், பிளாட்டிங் பேப்பருக்கு நடுவே, மேலே ஒரு லேசான பலகை. அதற்குமேல் எண்ணெய் தடவுவது, மஞ்சள் பூசுவது எதையும் நீங்களாகச் செய்ய வேண்டாம். அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகமும் இந்த ஊரிலேயே இருக்கின்றன. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-களில் எஸ். பரமசிவன் காலத்திலிருந்தே பழம்பொருள் பாதுகாப்புக்கென்று வேதியியல் ஆய்வுக்கூடம் உண்டு. மழைக்கு முன்பே ஒரு நாள் போய் அறிமுகமாகிக்கொள்ளுங்கள்.

புகைப்படங்களை ஒன்றன்மேல் ஒன்று காயவிடாதீர்கள், நல்ல குளிர்ந்த தண்ணீரில் போட்டுவைத்து ஒவ்வொன்றாக எடுத்துப் படப்பக்கம் மேலாகக் காயவையுங்கள். கணினி நனைந்தால் “வேலை செய்கிறதா” என்று போட்டுப் பார்க்காதீர்கள், அப்படியே தரவு மீட்பவர்களிடம் கொண்டுபோங்கள்.

பூஞ்சை வந்துவிட்டது என்றால்? அந்தப் புத்தகத்தைப் பையில் போட்டுத் தனி அறைக்குக் கொண்டுபோங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் அது பரவும், கறையும் நிரந்தரமாகும். முதலில் காயட்டும். காய்ந்த பிறகு, மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு, வெளியே, காற்று உங்கள் முகத்துக்கு வராத பக்கமாக நின்று, மென்மையான பிரஷால் தட்டியெடுங்கள். அந்துருண்டை போட்டால் சரியாகிவிடும் என்று நம்மில் பலருக்கு நம்பிக்கை. அது பூச்சிக்கு, பூஞ்சைக்கு அல்ல. முன்பெல்லாம் தைமால் என்ற வேதிப்பொருளின் புகை போடுவார்கள். அதனால் மனிதருக்கும் கேடு, அறையின் ஈரம் குறையாதவரை பூஞ்சை திரும்பவும் வரும்.

தீயைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பழைய ஒயரிங் உள்ள கட்டடம் என்று சொன்னதால் சொல்கிறேன். குப்பைக்கூடை அளவுக்குள் இருக்கும் நெருப்பு, உங்கள் முதுகுக்குப் பின்னால் வெளியேறும் கதவு, கையில் தீயணைப்பான், அதைப் பயன்படுத்திப் பழகிய கை. இந்த நான்கும் இருந்தால் மட்டும் முயலுங்கள். ஒன்று குறைந்தாலும் கதவை இழுத்து மூடிவிட்டு வெளியே வந்து 101-க்கோ 112-க்கோ பேசுங்கள். மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வெளியே வந்தபின் எந்தச் சுவடிக்காகவும் திரும்பப் போகாதீர்கள். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின, ஒரே படியாக இருந்த சுவடிகளும் அவற்றோடு போயின. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு வலிக்கிறது. அந்த வலி என்னைப் போன்றவர்களைத் தள்ளியது ஒரே வேலைக்கு: வேறெங்கும் இல்லாததை ஸ்கேன் செய்து இன்னோர் ஊரில் ஒரு படி வைப்பது. உங்கள் கூட்டக் குறிப்பேடுகளுக்கு ஒரு நல்ல செல்போனும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் போதும். தீ அணைந்த பிறகு, கரி படிந்த புத்தகத்தை ஈரத்துணியால் தொடாதீர்கள், கறை இறங்கிவிடும்.

இரண்டு பேர்தான் இருக்கிறோம் என்றீர்கள். வெள்ளத்தன்று இரண்டு பேரால் முடியாது, ஆகவே இப்போதே பத்துப் பேரைச் சேருங்கள். வாசகர்களில் ஓர் எலக்ட்ரீஷியன், ஒரு மினி லாரிக்காரர், மாடியில் காலி ஹால் வைத்திருக்கும் ஒருவர் கட்டாயம் இருப்பார்கள். அவர்கள் எண்களை மாநகராட்சியின் 1913-க்குக் கீழே எழுதிவையுங்கள். இருபது கிரேட், இரண்டு ரீம் நியூஸ்பிரின்ட், ஒரு தார்ப்பாய், டார்ச், கையுறை ஆகியவற்றை நூலகத்துக்குள் வைக்காமல் மாடியில் வையுங்கள். உள்ளே வைத்தால் அவையும் மூழ்கிவிடும். எல்லா ரேக்கின் அடித்தட்டையும் காலி செய்யுங்கள். தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் கீழே ஒரு தாளும் இருக்கக் கூடாது. இன்வெர்ட்டரை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி, நிறுத்தும் ஸ்விட்ச்சை வாசலுக்கு வெளியே, மழை படாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் செலவைச் சங்கத்தார் யோசித்தால், நான் சொன்ன அந்தப் பெரியவரின் கதையைச் சொல்லுங்கள்.

ஓலைச்சுவடிப் பெட்டி இப்போது பீரோவுக்கு அடியில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் இன்றைக்கே மேலே எடுத்துவைத்துவிடுங்கள்.